தலையைப் பிடித்த கை

மொட்டை போட்ட தலையைப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர் சார்? ஈரச் சந்தனம் பூசிய தலையாக இருந்தால் இன்னும் விசேஷம். சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். திருத்தணியில் டாக்டராக இருப்பவனிடம் வருகிற தலைகளில் பாதி மொட்டைத் தலைதான். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் என் ஆஸ்பத்திரித் தலையணை உறைகள் எல்லாம் மஞ்சளாகிவிடும். துணி வெளுக்கிறவரோடு வருஷா வருஷம் எனக்கு அதில் சண்டை.

உட்காருங்கள். ஃபேன் சத்தம் போடும், காற்றும் கொஞ்சம் வரும். உள்ளே ஒரு கேஸ் இருக்கிறது, வாந்திபேதி. நரம்பு அகப்பட மாட்டேன் என்கிறது. நடுநடுவே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன், தப்பாக நினைக்கக்கூடாது.

பூக்கார ஜெயம்மாள் இந்த ஆஸ்பத்திரியில் செத்துப்போன விஷயமாக என்னிடம் நாலு வரி வாங்கிப் போக வந்திருக்கிறீர்கள். என் கீழே வேலை பார்த்த டாக்டர் காஞ்சனா தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, தப்பு தன்னுடையது என்று சொல்லியிருக்கிறாள். அவள் பேரில் குற்றமில்லை என்று பெரியவனாக நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் கேஸை மூடிவிடலாம். அதுதானே? சொல்கிறேன். அவள் பேரில் குற்றமில்லை. குற்றம் என்னுடையது. இதைப் பெருந்தன்மையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் ராஜமாணிக்கம் என்று வாசலில் பலகை இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் யாரும் வழி காட்டமாட்டார்கள். ஊசி டாக்டர் எங்கே என்று கேட்கவேண்டும். வெள்ளைக்காரன் காலத்து எல்.எம்.பி. நான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரிப் பெயருக்குப் பின்னால் எழுத்துகளை வரிசையாகக் கோத்துக்கொள்ளத் தெரியாது. ஆனால் நரம்பு பிடிப்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. ரத்தக்குழாயை நம் ஜனங்கள் நரம்பு என்பார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். கைக்குழந்தையோ குண்டான அம்மாளோ, விரலை வைத்துத் தடவினால் போதும், நரம்பு எழுந்து வந்து வணக்கம் சொல்லும். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். போட்டு முடித்த பிறகும் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருப்பார்கள். முடிந்தது, எழுந்திரு என்றால் நம்பமாட்டார்கள். "நொப்பே லேதே" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், வலியே இல்லையே என்று. அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் சார் இந்த ஊரிலேயே கிடந்தேன்.

காஞ்சனாவை இங்கே கூட்டி வந்ததும் நான்தான். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். மெட்ராஸில் எம்.பி.பி.எஸ். முடித்து, மயக்க மருந்துக்கென்று தனியாக ஒரு படிப்பும் படித்திருந்தாள். எனக்கும் வயதாகிறது, வார்டில் ஓடியாட ஒரு சின்ன வயது ஆள் இருக்கட்டும் என்று கூப்பிட்டேன். மரியாதை தெரிந்த பெண். நான் உட்காராமல் உட்காரமாட்டாள். வரும்போது ஒரு டப்பா நிறைய நீளமான ஊசிகளும், உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய்களும் கொண்டுவந்தாள். அந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையவை பழைய சிவப்பு ரப்பர் குழாய்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்பது யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்பது என் கட்சி.

அந்த ஊசியை இங்கே முதலில் போட்டுக்கொண்டவன் பரசுராமன் என்று கே.ஜி.கண்டிகையில் கரும்பு வெட்டுகிற ஒரு கூலிக்காரன். வாந்திபேதியில் வற்றிப்போய் வந்தான். உடம்பில் தண்ணீர் இல்லையென்றால் நரம்பு ஒட்டிக்கொள்ளும். ஒரு கையில் பார்த்தேன், மறு கையில் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவன் மச்சான் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னா டாக்டரய்யா, குத்திகினே கீறீங்க, மருந்து எப்போ ஏத்துவீங்க?" என்றான். வார்டு முழுக்கக் கேட்டது.

காஞ்சனா மெல்ல வந்து, "சார், நான் கழுத்துல பாக்கட்டுமா?" என்றாள். கழுத்தில் ஒரு பெரிய நரம்பு நெஞ்சுக்குள் இறங்குகிறது. கை நரம்பெல்லாம் காணாமல் போனாலும் அது இருக்கும். அதில் ஊசியை விட்டு, ஊசி வழியாகக் குழாயை உள்ளே அனுப்பி, மேலே சலைன் பாட்டிலை மாட்டினாள். நான் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்தது. சாயங்காலம் பரசுராமன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

மறுநாள் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். அங்கே கண்ணை மூடிக்கொண்டால் தூங்குகிறோம் என்று நினைத்து எல்லாரும் தாராளமாகப் பேசுவார்கள். "பெர்சுக்குக் கண்ணு மங்கிப்போச்சிபா. கழுத்தூசி அம்மா கீது, இனிமே இன்னா கவல" என்றான் ஒருவன். கழுத்தூசி அம்மாவாம். பட்டமே கட்டிவிட்டார்கள். பேசினவன் முதுகிலும் கையிலும் நான் போட்ட ஊசிக்குக் கணக்கே கிடையாது, சார்.

பொறாமை என்று எழுதாதீர்கள். எனக்குப் பொறாமை இல்லை. சின்ன வயதில் இப்படிப் பெயர் வந்தால் தலைக்கனம் வந்துவிடுமே என்ற அக்கறைதான். அவளுக்குத் தலைக்கனம் வரவில்லை, அது வாஸ்தவம். வருவதற்கு முன்னால் கவனிப்பதுதானே வைத்தியம்.

அதனால் நானாகவே அவளிடம் போய், "இனிமே இந்த ஊசி போடறப்போ தலைய புடிச்சிக்கிற வேல என்னுதும்மா" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், நீங்க போயி இதெல்லாம்..." என்றாள். அதுவரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் எங்கள் ஆயா மணியம்மை. அவள் மட்டும் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மணியம்மைக்கு எப்போதும் எல்லாவற்றிலும் சந்தேகம்.

எப்படிப் பிடிக்கவேண்டும் என்று காஞ்சனாவே சொல்லிக்கொடுத்தாள். "கொஞ்சமா இடது பக்கம் திருப்பினா போதும் சார். ரொம்ப திருப்பினீங்கன்னா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்துடும்." ரெண்டும் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். கழுத்தில் அந்த இறங்குகிற நரம்புக்குப் பக்கத்திலேயே ஆர்ட்டரி என்று இன்னொரு குழாய் ஓடுகிறது. நெஞ்சிலிருந்து மூளைக்கு ரத்தத்தை வேகமாக ஏற்றுகிற குழாய். நரம்பு ரத்தம் கறுப்பாக மெல்ல வரும், அதில் ஊசி பட்டால் ரத்தம் சிவப்பாகத் துள்ளிக்கொண்டு வரும். தலையை அளவாகத் திருப்பினால் இரண்டும் விலகி நிற்கும். அதிகமாகத் திருப்பினால் நரம்பு போய் ஆர்ட்டரி மேல் படுத்துக்கொள்ளும், நரம்பைத் தாண்டுகிற ஊசி நேராக அதில்தான் இறங்கும். பார்த்தீர்களா, இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு நிமிஷம். உள்ளே பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும். எங்கே விட்டேன்? ஆங், சிங்காரம்.

ஆடிக் கிருத்திகைக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து காவடி எடுத்து வந்தவர் சிங்காரம். சொந்தமாகத் தறி வைத்திருப்பவர். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மலையேறிச் சாமி பார்த்துவிட்டு இறங்கி, அன்னதானத்தில் என்ன சாப்பிட்டாரோ, வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. கிழிந்த துணி மாதிரிக் கொண்டுவந்து போட்டார்கள். கையில் நரம்பு இல்லை. காஞ்சனா கழுத்தூசி எடுத்தாள். நான் தலையைப் பிடித்தேன்.

வார்டு ஜன்னல் மலைக்குப் போகிற ரோட்டைப் பார்த்தது. காவடிக்காரர்களும் மொட்டைத் தலைகளுமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை பேர் முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு சறுக்கல், ஒரு சின்னச் சறுக்கல் வந்தால் போதும் என்று தோன்றியது. அவள் ஊசியை வைக்கிற நேரம் தலையை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கொஞ்சம்தான். கேட்டிருந்தால் சந்தனம் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஊசி ஆர்ட்டரியில் போயிற்று. அவள் கையிலிருந்த குழாய்க்குள் சிவப்பாக ரத்தம் வந்தது. வந்ததோடு நிற்காமல், துடித்துத் துடித்து மேலே ஏறியது, பாட்டிலைப் பார்த்து. தண்ணீர் இறங்கவேண்டிய குழாயில் ரத்தம் ஏறுகிறது. என் ரப்பர் குழாயாக இருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. இது கண்ணாடி மாதிரிக் குழாய், ஜன்னல் முழுக்க ஜனம். காஞ்சனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், ஆர்ட்டரி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சரி, கெட்டது அவள் பெயர் என்று நான் நினைத்தேன். அப்போது சிங்காரத்தின் சம்சாரம் வள்ளியம்மாள் கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு, "ஐயோ, பாருங்க, ரத்தம் மேல ஏறிகினு போது. எம்புருசன் எடுத்த காவடிய முருகன் ஏத்துகினான்" என்று கத்தினாள். அவ்வளவுதான். ஜன்னலில் ஒருவன் அரோகரா என்றான். ரோடே அரோகரா என்றது. பன்னீர் வேறு தெளித்தார்கள்.

காஞ்சனா ஊசியை எடுத்துவிட்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரல் மரத்துப்போகிறவரை எடுக்கவில்லை. பிறகு மறுபக்கம் சரியாகப் போட்டாள். அப்போது நான் தலையை அளவுக்கு மேல் திருப்பவில்லை, திருப்பினால் தெரிந்துவிடும். சிங்காரம் பிழைத்துக்கொண்டார். கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம், கொஞ்சம் நீலம். அதையாவது ஊர் பார்க்கும் என்று நினைத்தேன். வள்ளியம்மாள் மலையிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தை அதன்மேல் அப்பிவிட்டாள்.

அந்தக் குழாயை என்ன செய்தார்கள் தெரியுமா? கேட்டு வாங்கிக்கொண்டு போய், கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஊதுபத்தி ஏற்றியிருந்தது.

காஞ்சனா எல்லாரிடமும் உள்ளதைச் சொன்னாள். "சாமியும் இல்ல ஒண்ணுமில்ல, நான் தப்பான எடத்துல குத்திட்டேன். அவர் பொழச்சதே பெரிசு" என்றாள். கேட்டவர்கள், "எம்மாம் அடக்கம் பாரு இந்தப் பொண்ணுக்கு" என்றார்கள். மறுவாரத்திலிருந்து ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை எல்லா பஸ்ஸிலும் ஆள் வந்து இறங்கிற்று. தலைவலிக்காரன் கழுத்தூசி கேட்டான். முழங்கால் வலிக்காரி கழுத்தூசி கேட்டாள். வேண்டுதலாம். ரத்தம் மேலே ஏறுகிற மாதிரி போடவேண்டுமாம். காஞ்சனா திட்டித் திட்டி அனுப்பினாள். திட்டு வாங்கினதையும் பாக்கியமாக எடுத்துக்கொண்டு போனார்கள். நான் என் அறையில் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருத்தி மட்டும் என்னிடமே வந்துகொண்டிருந்தாள். ஜெயம்மாள்.

மலைப்படிக்குக் கீழே கூடை வைத்துப் பூ விற்பாளே, வெற்றிலைப் பாக்கு வாயோடு, போகிறவன் வருகிறவனையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டு, அவளேதான். நீங்களும் வாங்கியிருப்பீர்கள். என்னை டாக்டர் என்று சொல்லமாட்டாள். நைனா என்பாள். "எங்க நைனா கய்யி பூ மாரி. கழுத்துல குத்துறதுக்கு நான் இன்னா ஆடா?" என்று வார்டு நடுவில் நின்று சத்தமாகச் சொல்வாள். காஞ்சனாவும் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு அந்தப் பேச்சு எவ்வளவு தேவையாக இருந்தது என்று இப்போது தெரிகிறது.

ஆடி கழிவதற்குள் அவளுக்கும் அதே பேதி வந்தது. பக்கத்துக் கடைப் பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் குழிந்துவிட்டது, நாடி நூல் மாதிரி இருந்தது. காஞ்சனா ஊசி டப்பாவை எடுத்ததும் ஜெயம்மாள் தலையை ஆட்டினாள். "வேணாம். நைனா கய்யில போடும். நைனாவுக்குக் கெடைக்கும்" என்றாள்.

நான் தேடினேன், சார். முழங்கையில் தேடினேன், மணிக்கட்டில் தேடினேன், புறங்கையில், பாதத்தில். குத்தின இடமெல்லாம் நீலம் கட்டிற்று. கடைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காஞ்சனா பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஜெயம்மாளே என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பரவால்ல நைனா. அந்தப் பொண்ணே போடட்டும். நீ என் தலைய புடிச்சிக்க, எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம். குத்திகினே கீறியே என்று அந்த மச்சான்காரன் மாதிரிக் கேட்டிருக்கலாம். அவள் என்னை மன்னித்தாள், அத்தனை பேர் முன்னால். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தலையைப் பிடித்தேன். கொஞ்சம் திருப்பினேன்.

சிங்காரத்துக்குத் திருப்பினதைவிட அதிகம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காஞ்சனா இந்தத் தடவை மிகுந்த ஜாக்கிரதையாக இருந்தாள். ரத்தத்தைப் பஞ்சில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தது. துள்ளவும் இல்லை. அந்த அளவுக்கு வற்றின உடம்பில் ஆர்ட்டரி ரத்தமும் சோர்ந்துபோய், கறுத்து, நரம்பு ரத்தம் மாதிரிதான் வரும். அவளுக்கும் அது தெரியும். ஆனால் தலையை நான் பிடித்திருந்தேன் இல்லையா. பெரிய டாக்டர் பிடித்திருக்கும்போது தலை எப்படித் தப்பாகத் திரும்பியிருக்கும்? குழாயை விட்டாள். பாட்டிலை மாட்டினாள். சலைன் இறங்கியது. அடுத்த அறையில் ஒரு குழந்தைக்கு வலிப்பு என்று கூப்பிட்டார்கள். "சார், பாத்துக்கோங்க" என்றாள். "நான் இருக்கேன், நீ போம்மா" என்றேன்.

சலைன் உள்ளே போகப் போக ஜெயம்மாள் முகத்தில் களை வந்தது. தப்பான குழாயானாலும் தண்ணீர் தண்ணீர்தானே. கண்ணைத் திறந்து, "நைனா, வாய் கசக்குது, வெத்தல குடு" என்றாள். அப்புறம் நாடி தெம்பாக ஆக, குழாயின் அடியில் சிவப்பு தெரிந்தது. மெல்ல மேலே ஏறியது. ஜன்னலில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். ஆரம்பித்துவிட்டார்கள், அரோகரா.

மணியம்மை கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். "சாரே, ரத்தம் ஏறுது. சின்னம்மாவ இட்டாரட்டா?" என்றாள், காஞ்சனாவைச் சொல்லி. வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குழாயை நானே எடுத்தேன். விரலை வைத்து அழுத்தினேன். அதுதான் சரியான வைத்தியம். விடாமல் அழுத்தியிருந்தால் சிங்காரம் மாதிரி அவளும் பிழைத்திருப்பாள். வேறு பக்கம் குழாய் போட்டிருப்பார்கள். ஒரு வாரத்தில் கூடையோடு படிக்கட்டுக்குப் போயிருப்பாள். இது எனக்கு அப்போதும் தெரியும்.

அழுத்திக்கொண்டிருக்கும்போது ஒன்று யோசித்தேன். சிங்காரத்தின் வீக்கம் சின்னது, சந்தனத்துக்குள் மறைந்துவிட்டது. இது கொஞ்சம் பெரிதாக, எல்லாரும் பார்க்கிற மாதிரி, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தால் இந்த அரோகரா அடங்கும். கழுத்தூசி என்றால் ஆபத்து என்று ஊருக்குப் புரியும். பின்னால் வருகிற எத்தனையோ பேருக்கு நல்லதுதானே. அதனால் விரலைக் கொஞ்சம் தளர்த்தினேன். கொஞ்சம்தான், சார். எலுமிச்சம்பழத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அது நிற்கவில்லை. கழுத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் சரியாக யோசிக்கவில்லை. மூச்சுக்குழாயை நெருக்கிவிட்டது. ஜெயம்மாளால் பேச முடியவில்லை. என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று நம்பின பார்வை. மறுபடி அழுத்தினேன், பிரயோசனமில்லை. மணியம்மை என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "சின்னம்மா, சின்னம்மா" என்று அலறிக்கொண்டு ஓடினாள். வெளியே போட்ட அரோகராவில் அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. காஞ்சனா வந்து சேர்ந்தபோது என் சட்டைப் பையிலிருந்து அந்தக் கையை நான் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் அழுதேன். நடிப்பு இல்லை. தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்த வீக்கத்தை எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சந்தனம் கொண்டுவந்து அதன்மேல் பூசினார்கள். படிக்கட்டில் பூக்கடை வைத்திருக்கிற எல்லாரும் கூடையைக் கொண்டுவந்து அவள்மேல் கொட்டினார்கள். "முருகனே எறங்கி வந்து இட்டுகினு போய்ட்டான், யாருக்குக் கெடைக்கும் இந்தச் சாவு" என்றார்கள். காஞ்சனா தரையில் உட்கார்ந்து, "நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதாள். அதற்கப்புறம் உங்களிடமும் வந்து அதையே சொல்லியிருக்கிறாள். ஊரெல்லாம் அவளுக்காக உருகுகிறது. எப்பேர்ப்பட்ட மனசு என்கிறார்கள்.

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். செய்தது நான். பேர் பாதி முருகனுக்கு, பாதி காஞ்சனாவுக்கு. என் நோயாளிகளை எடுத்துக்கொண்டாள், சும்மா இருந்தேன். என் குற்றத்தையுமா அவள் எடுத்துக்கொள்வது? அதற்காகத்தான் சொல்கிறேன். ஜெயம்மாளைக் கொன்றது சாமியும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. தலையைத் திருப்பினது நான். விரலைத் தளர்த்தினது நான்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

என்ன சொன்னீர்கள்? "அந்தப் பொண்ணக் காப்பாத்தறதுக்காக இம்மாம் பெரிய பழிய உங்க தலைமேல போட்டுக்கறீங்களே சார், பெரிய மனுசன் சார் நீங்க" என்றா? போச்சு. காஞ்சனா உண்மையைச் சொன்னால் அடக்கம், நான் உண்மையைச் சொன்னால் தியாகமா? கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். இதில் கண்கலங்க ஒன்றுமில்லை. பெரிய மனுசன் என்று நீங்கள் சொன்னது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ரொம்ப நாளாயிற்று அப்படி ஒருவர் சொல்லி.

நம்பிக்கை இல்லையென்றால் மணியம்மையைக் கேட்டிருக்கலாம். என் விரலைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அன்றையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை, சொன்னால் யார் நம்பப்போகிறார்கள். ஆனால் இப்போது அவளைக் கேட்க முடியாது. உள்ளே படுத்திருக்கிற கேஸ் அவள்தான். பேதிக்காரர்களுக்கு வாளி தூக்கினவளை அது விடுமா? காலையிலிருந்து இரண்டு கையிலும் பார்த்துவிட்டேன், காலிலும் பார்த்துவிட்டேன். கணுக்காலில் அறுத்துக் குழாயை வைக்கலாம். அது தையற்கார வேலை, அதை நான் செய்கிறதில்லை. மெட்ராஸுக்கு ஏற்றிவிட்டால் வழியில் தாங்கமாட்டாள்.

காஞ்சனா பொதட்டூர்பேட்டையில் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். உங்கள் ஜீப் போனால் உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், அது எனக்கும் தெரியும். வேண்டாம். இனிமேல் ஊசியைத் தொடுவதில்லை என்று மலைமேல் சந்நிதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். சாமி காரியத்தில் நான் குறுக்கே வரமாட்டேன்.

ஜீப் டிரைவரை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? உட்காருங்கள். இல்லையென்றால் நீங்களே உள்ளே வாருங்கள், அவள் கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும், என்னைக் கண்டால் இழுத்துக்கொள்கிறாள். நரம்பு எங்கே போய்விடும், நான் தேடினால் கிடைக்கும். நான் சொன்னது எதையும் நம்பாவிட்டால் போகிறது, இந்த ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்: என் கையால் இதுவரை ஒரு உயிர் போனதில்லை.